சார்லஸ் பாலம் முட்டையால்தான் நிற்கிறதா?

ஆகஸ்ட் 24 (வாசகர் கேள்வி)

பிராக் நகரத்துச் சார்லஸ் பாலம் பற்றி வாட்ஸப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. 1357இல் கட்டியதாம். சிமெண்ட் இல்லை, கம்பி இல்லை. ஊர் ஊராக முட்டை சேகரித்துச் சுண்ணாம்பில் கலந்து கட்டியதால் 650 வருஷத்துக்கு மேலாக ஒரு கல்கூட அசையவில்லையாம். அங்கே இருப்பவர்கள் யாராவது இது உண்மையா என்று சொல்லுங்கள்.

ஆகஸ்ட் 24, இரவு

ஏழு வருஷமாக பிராகில் இருக்கிறேன். டிராம் இருந்தாலும் வாரத்தில் இரண்டு மூன்று நாள் இந்தப் பாலத்தின் வழியாக நடந்துதான் வேலைக்குப் போவேன்.

முட்டைக்குப் பிறகு வருகிறேன். "ஒரு கல்கூட அசையவில்லை" என்ற வரிக்கு முதலில் பதில் சொல்லியாக வேண்டும். அசைந்தது, விழுந்தது, அதுவும் பல தடவை. 1432 வெள்ளத்தில் மூன்று தூண்கள் சேதமாயின. 1496இல் ஒரு தூணின் அடியில் மண் அரித்துத் தூண் இறங்கிவிட, பழைய நகரப் பக்கத்திலிருந்து மூன்றாவது வளைவு இடிந்து விழுந்தது. அதைக் கட்டி முடிக்க 1503 ஆனது. 1784இல் ஐந்து தூண்களுக்குப் பலத்த அடி. 1890இல் மூன்று வளைவுகள் ஆற்றோடு போயின.

பாலத்தைப் பெருமைப்படுத்துவதாக நினைத்துத்தான் அந்தச் செய்தியை எழுதியிருப்பார்கள். ஆனால் ஒவ்வொரு தடவையும் குளிர்ந்த ஆற்றில் இறங்கி அஸ்திவாரம் போட்டவர்கள், சாரம் கட்டியவர்கள், கல் செதுக்கியவர்கள் எல்லாரையும் அந்த ஒரு வரி இல்லாமல் ஆக்கிவிட்டது. எனக்குக் கோபம் அதில்தான்.

ஆகஸ்ட் 25

அளவு கேட்டிருந்தீர்கள். நீளம் ஏறக்குறைய 516 மீட்டர், அகலம் பத்து மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, 16 வளைவுகள். எல்லா வளைவும் ஒரே அகலம் இல்லை. பாலமும் நேர்கோட்டில் போகவில்லை, மிக லேசாக நெளிந்து போகிறது. நடுவில் நின்று பார்த்தால் தெரியாது. பாலத்து முனையில் இருக்கிற கோபுரத்தின் மேல் ஏறிப் பார்த்தால் தெரியும்.

வெளிமுகம் மணற்கல். அதைப் பார்த்துவிட்டு முழுக்க முழுக்க செதுக்கிய கல் என்று நினைத்துவிடக் கூடாது. இரண்டு பக்கமும் கல்சுவர் எழுப்பி, நடுவில் உடைகல்லும் சுண்ணாம்புக் காரையும் போட்டு நிரப்பியது. உள்ளே இருப்பது பெரும்பாலும் ஓபுகா என்று இங்கே சொல்கிற, களிமண் கலந்த வெளிர்மஞ்சள் கல். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், முட்டைக்கும் வெள்ளத்துக்கும் இது வேண்டும்.

ஆகஸ்ட் 27

சரி, முட்டை.

கதை இப்படி. காரை வலுவாக இருக்க வேண்டும் என்று நான்காம் சார்லஸ் மன்னர் நாடு முழுவதும் முட்டை அனுப்பச் சொன்னாராம். வெல்வாரி என்ற ஊர்க்காரர்கள், வழியில் உடைந்துவிடுமே என்று எல்லாவற்றையும் அவித்து அனுப்பினார்களாம். இங்கே சின்னப் பிள்ளைக்குக்கூட இந்தக் கதை தெரியும். என்னோடு வேலை செய்கிற ஒருவர் வெல்வாரி பக்கத்துக்காரர். முட்டை என்றாலே அவருடைய முகத்தில் சிரிப்பு வந்துவிடும். வேறு ஒரு ஊர் பாலாடைக்கட்டியும் தயிரும் அனுப்பியதாகவும் சொல்வார்கள்.

காரையில் முட்டை இருந்ததா என்று சோதனைச்சாலைகளில் பார்த்திருக்கிறார்கள். ஆராய்ச்சியாளர்கள் எல்லாரும் ஒப்புக்கொண்ட ஒரே முடிவு வரவில்லை. அதனால் "இல்லவே இல்லை" என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் பாலம் நிற்பதற்குக் காரணம் அதுதான் என்பதை ஒப்புக்கொள்ள முடியாது.

நமக்கு இந்தக் கதை உடனே உண்மையாகப் படுவதற்குக் காரணம் இருக்கிறது. செட்டிநாட்டு வீட்டுச் சுவரில் முட்டை வெள்ளைக்கரு போட்டு இழைத்தார்கள் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அது உண்மையும்கூட. ஆனால் வெள்ளைக்கரு போவது கடைசிப் பூச்சில், கண்ணாடி மாதிரி வழுவழுப்பு வருவதற்காக. அஸ்திவாரத்துக்கு யாரும் முட்டை உடைத்து ஊற்றவில்லை. அங்கே கடுக்காயும் வெல்லமும்தான். இந்தப் பாலத்திலோ காரையின் பெரும்பகுதி உள்நிரப்பில் இருக்கிறது. அவ்வளவு கன அளவுக்கு முட்டை என்றால் அந்தக் காலத்து பொஹீமியா நாட்டில் கோழிகள் வேறு எதற்கும் மிஞ்சியிருக்காது.

சாதாரண சுண்ணாம்பு இறுகுவதற்குக் காற்று வேண்டும். காற்றிலிருக்கும் கரியமில வாயுவை வாங்கித்தான் அது மறுபடி கல்லாகும். தடிமனான தூணுக்கு நடுவே காற்று எப்படிப் போகும்? ஆற்று நீர் தொடுகிற இடத்தில்? அங்கே சாதாரண சுண்ணாம்பு பல காலம் ஈரமாகவே கிடக்கும். பிராகைச் சுற்றிக் கிடைக்கிற சில சுண்ணாம்புக்கற்களில் இயற்கையிலேயே களிமண் சேர்ந்திருக்கிறது. அதைச் சுட்டால் வருகிற சுண்ணாம்பு தண்ணீருக்குள்ளேயே இறுகும். காற்று வேண்டியதில்லை. இந்தப் பாலத்துக்குக் கிடைத்த வரம் அந்தக் கல்தான். முட்டைக் கதை நன்றாக இருப்பதால் அந்தக் கல்லைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

ஆகஸ்ட் 28

"கம்பி கிடையாது" என்பதை விட்டுவிட்டேன். 1965 முதல் 1978 வரை நடந்த பெரிய பழுதுபார்ப்பில், நடைதளத்துக்குக் கீழே கம்பி போட்ட கான்கிரீட் பலகை வைத்தார்கள். அதுவரை மேலே கார்கள் ஓடின. பாலம் நடப்பவர்களுக்கு மட்டும் என்று ஆனது அந்த வேலையோடுதான்.

கார் மட்டுமில்லை. 1883இலிருந்து குதிரை இழுக்கும் டிராம், 1905இலிருந்து மின்சார டிராம். சிலைகளுக்கு மேலே கம்பி தொங்கினால் அசிங்கமாக இருக்கும் என்று, சாலையில் பதித்த முனைகளிலிருந்து மின்சாரம் எடுக்கிற முறையில் ஓட்டினார்கள். மூன்றே வருஷத்தில், 1908இல், டிராமை நிறுத்திப் பேருந்து விட்டார்கள்.

ஆகஸ்ட் 30

135797531 பற்றிக் கேட்டவருக்கு.

1357ஆம் வருஷம், 9ஆம் தேதி, 7ஆம் மாதம், காலை 5 மணி 31 நிமிஷம். முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் ஒரே எண். அந்த நேரம் பார்த்துத்தான் மன்னர் அடிக்கல் நாட்டினார் என்று எல்லா வழிகாட்டிகளும் சொல்கிறார்கள். நான் வந்த புதிதில் கூட்டத்தோடு நின்று கேட்டு, உடம்பெல்லாம் சிலிர்த்து, அன்றிரவே அப்பாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். அவர் ஊரில் பத்துப் பேருக்குச் சொல்லிவிட்டார்.

பிறகு படித்தபோதுதான் தெரிந்தது, அந்தக் காலத்து ஆவணம் எதிலும் அந்த நேரம் இல்லை. 20ஆம் நூற்றாண்டில் ஒரு வானியல் வரலாற்று அறிஞர் கிரக நிலைகளையும் ஒற்றை எண்களின் வரிசையையும் வைத்துச் செய்த ஊகம் அது. நன்றாகச் செய்த ஊகம்தான். சார்லஸுக்குச் சோதிடத்தில் ஈடுபாடு உண்டு, நல்ல நேரம் பார்த்திருக்கவும் கூடும். ஆனால் 31ஆவது நிமிஷத்தை 1357இல் எதை வைத்துப் பார்ப்பது? பழைய நகரச் சதுக்கத்தில் எல்லாரும் அண்ணாந்து பார்க்கிற வானியல் கடிகாரமே 1410இல் வந்தது. அதற்கும் நிமிஷ முள் இல்லை.

அப்பாவிடம் திருத்திச் சொன்னேன். "நாள் பாத்துதானய்யா வீடு கட்டுவாங்க, அதுல என்ன தப்பு" என்றார். அவர் சொல்வதும் சரிதான்.

செப்டம்பர் 4

இன்றைய தேதிக்காகவே காத்திருந்தேன். 1890, செப்டம்பர் 4.

முதலில் வல்தாவா ஆற்றைப் பற்றி. இன்று பார்த்தால் அமைதியான ஆறு, அன்னம் மிதக்கும், படகு போகும். அந்தக் காலத்தில் தெற்கே இருக்கிற காடுகளில் வெட்டிய மரத்தையெல்லாம் தெப்பமாகக் கட்டி இந்த ஆற்றில்தான் மிதக்கவிட்டுக் கொண்டுவருவார்கள். கரையோரமெல்லாம் மரக்கட்டை அடுக்கியிருக்கும். 1890 செப்டம்பர் தொடக்கத்தில் மழை கொட்டித் தண்ணீர் ஏறியபோது ஆயிரக்கணக்கான தெப்பங்களும் கட்டைகளும் அறுத்துக்கொண்டு வந்தன. வந்தவை பாலத்தின் வளைவுகளில் சிக்கிக்கொண்டன. ஒன்றின் மேல் ஒன்று ஏறிப் பாலத்துக்கு முன்னால் ஒரு மர அணையே உருவாகிவிட்டது.

பாலத்தின் வேலை தண்ணீரைப் போகவிடுவது. வளைவு அடைபட்டால் பாலமே அணையாகிவிடும். ஆனால் அணைக்கு வேண்டிய அஸ்திவாரம் அதற்கு இல்லை. பின்னாலிருந்து அழுத்துகிற தண்ணீர் வழி தேடிக் கீழே போகும், மிச்சமிருக்கிற இடைவெளியில் பல மடங்கு வேகத்தில் பாயும், தூணின் காலடியில் இருக்கிற மணலையும் சரளையையும் அள்ளிக்கொண்டு போகும். கடற்கரையில் அலை திரும்பும்போது நம் குதிகாலுக்கு அடியில் மணல் நழுவுமே, அதேதான். தூண் உடையாது. காலடி காலியாகி அப்படியே உட்காரும்.

வளைவின் கதை இன்னும் மோசம். ஒரு வளைவின் பாரம் பக்கத்துத் தூணைத் தள்ளும், அந்தத் தூணை மறுபக்க வளைவு எதிர்த்துத் தள்ளும். இரண்டும் சமமாக இருப்பதால்தான் நிற்கிறது. ஒரு தூண் இறங்கினால் அதன் இரண்டு பக்கமும் போகும். அன்று இரண்டு தூண்கள் போயின, ஐந்தாவதும் ஆறாவதும். அவற்றைச் சேர்ந்த மூன்று வளைவுகளும் போயின. நகரத்தின் இரண்டு பாதிக்கும் நடுவே 1841 வரை இருந்த ஒரே பாலம் இது. மக்கள் கரையில் நின்று பார்த்துக்கொண்டே இருக்க, நடுவில் ஓட்டை விழுந்தது. அடுத்த நாட்களில் எடுத்த புகைப்படங்கள் இருக்கின்றன. மரக்குப்பை மலைபோல் குவிந்திருக்கிறது. அதற்கு மேலே, அந்தரத்தில் அறுந்து நிற்கிற சாலை.

அந்தத் தூண்களின் மேல் இரண்டு சிலைத் தொகுதிகள் இருந்தன. இக்னேஷியஸ் லொயோலா ஒன்று, பிரான்சிஸ் சவேரியார் மற்றொன்று. இரண்டுமே ஃபெர்டினாண்ட் புரோகோஃப் என்ற சிற்பி செய்தவை. இரண்டும் தண்ணீரில் விழுந்தன.

நான் முத்துக்குளித்துறைக்காரன். மணப்பாடு. சவேரியார் எங்களுக்கு யார் என்று தூத்துக்குடிப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். 1542இல் கோவாவுக்கு வந்து, அந்த வருஷக் கடைசியிலேயே எங்கள் கரைக்கு வந்தார். மொழி தெரியாது. தெரிந்தவர்களை உட்காரவைத்து மந்திரங்களைத் தமிழில் எழுதவைத்து, மனப்பாடம் செய்து, தெருவில் மணி அடித்துப் பிள்ளைகளைக் கூட்டிச் சொல்லிக்கொடுத்தார். அவர் தங்கியதாகச் சொல்கிற குகை எங்கள் ஊரில் கடலைப் பார்த்தபடி இருக்கிறது.

பிராகுக்கு வந்த முதல் வாரம், பாலத்தில் 30 சிலைகளில் ஒன்றின் கீழ் அந்தப் பெயரைப் படித்ததும் கால் நகரவில்லை. கையில் சிலுவையைத் தூக்கிப் பிடித்தபடி மேலே அவர் நிற்கிறார். முன்னால் ஒரு கீழைநாட்டு இளவரசன் முழந்தாளிட்டிருக்கிறான். கீழே ஆசிய, ஆப்பிரிக்க ஆட்கள் தோள்கொடுத்து அந்தப் பீடத்தையே தூக்கி நிற்கிறார்கள். அந்த முகங்களில் எங்கள் கரையைத் தேடினேன். கிடைக்கவில்லை. 1711இல் பிராகில் உட்கார்ந்து செதுக்கியவர் எங்களைப் பார்த்ததில்லை. தலைப்பாகையும் நகையும் அவர் கற்பனை.

சரிசெய்ய இரண்டு வருஷம் ஆனது. 1892 நவம்பர் 19இல் மறுபடி திறந்தார்கள். விழுந்த இரண்டு சிலைகளுக்கும் நகல் செய்து வைத்தார்கள்.

செப்டம்பர் 5

நேற்றுக் கடைசியில் எழுதியது தப்பு. இரண்டுக்கும் நகல் வைக்கவில்லை. சவேரியாருக்கு மட்டும்தான், அதுவும் 1913இல். பாலம் திறந்து இருபது வருஷம் கழித்து. இக்னேஷியஸ் திரும்ப வரவேயில்லை. அந்த இடத்தில் இன்று நிற்பவர்கள் சிரில், மெத்தோடியஸ் என்ற இரண்டு புனிதர்கள், காரெல் துவோர்ஷாக் செய்தது. ஸ்லாவ் மக்களுக்கு எழுத்துக் கொடுத்தவர்கள் என்று இங்கே பெரிய மரியாதை.

இதில் ஒரு காரணம் ஒளிந்திருப்பதாக எனக்குப் படுகிறது. இயேசு சபை இங்கே ஹாப்ஸ்பர்க் ஆட்சியோடு சேர்ந்து வந்தது. 1918இல் அந்த ஆட்சி போய்ச் செக்கோஸ்லோவாக்கியா பிறந்தது. சபையை நிறுவிய இக்னேஷியஸை நகரத்தின் நடுவில் மறுபடி நிறுத்துவதைவிடத் தங்கள் மொழியோடு சம்பந்தப்பட்டவர்களை நிறுத்தத் தோன்றியிருக்கும். இது என் எண்ணம்தான்.

செப்டம்பர் 6

அசல் சவேரியார் எங்கே என்று கேட்கிறார்கள். ஆற்றிலிருந்து எடுத்து, தேசிய அருங்காட்சியகத்தின் கற்சிலைக்கூடத்தில் வைத்திருக்கிறார்கள். பாலத்துச் சிலைகளில் பலவற்றின் அசல் இப்போது வெயில் மழை படாமல் உள்ளேதான் இருக்கிறது. மேலே நிற்பவை நகல்கள்.

போன கோடையில் போய்ப் பார்த்தேன். பாலத்தில் கழுத்தை வளைத்து அண்ணாந்து பார்த்தவரைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிந்தது. கல்லின் மேல்தோல் மழுங்கியிருக்கிறது, ஆற்றங்கரைக் கூழாங்கல் மாதிரி. சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது கதவு வரை போய் மறுபடி வந்து நின்றேன்.

அப்பாவுக்குப் படம் அனுப்பினேன். ஒரே கேள்விதான் கேட்டார். "தண்ணிக்குள்ள எத்தன நாளுய்யா கெடந்தாரு?"

செப்டம்பர் 14

"1890இல் விழுந்தது சரி, 2002இல் அதைவிடப் பெரிய வெள்ளம் வந்ததே, அப்போது ஏன் விழவில்லை? அப்படியென்றால் உறுதியான பாலம்தானே?" இந்த இழையிலேயே நல்ல கேள்வி இது.

2002 ஆகஸ்ட் 14இல் வினாடிக்கு 5,160 கன மீட்டர் தண்ணீர் போனது. 1890ஐவிடத் தெளிவாக அதிகம். பாலம் நின்றது.

மரத்தெப்பம் இல்லாதது முதல் காரணம். வல்தாவாவில் 20ஆம் நூற்றாண்டில் வரிசையாக அணைகள் கட்டிவிட்டார்கள். தெப்பம் விடுகிற தொழிலே போய்விட்டது. ஆனாலும் மரங்களும் குப்பையும் வந்தன. அன்று பாலத்தின் மேல் இயந்திரங்களை நிறுத்தி, வளைவில் சிக்குவதை உடனுக்குடன் இழுத்துப் போட்டுக்கொண்டே இருந்தார்கள். தண்ணீர் கீழே உறுமிக்கொண்டு போக, மேலே நின்று இதைச் செய்தவர்களை நினைத்துப் பாருங்கள். 1890இன் பாடம் ஊருக்கு மறக்கவில்லை.

அடுத்தது அஸ்திவாரம். விழுந்த தூண்களை 1890க்குப் பிறகு மறுபடி கட்டியபோது, ஆற்றடியில் காற்றழுத்தப் பெட்டி இறக்கி, அதற்குள் ஆட்கள் நின்று தோண்டி, முன்னைவிட ஆழத்தில் அஸ்திவாரம் போட்டார்கள். 2002க்குப் பிறகும் சும்மா இருக்கவில்லை. எட்டாவது, ஒன்பதாவது தூண்களின் அடியைப் பலப்படுத்தினார்கள்.

அதனால் உறுதியான பாலம்தான். கட்டிய நாளில் இருந்த உறுதி மட்டும் அல்ல அது.

செப்டம்பர் 15

காற்றழுத்தப் பெட்டி என்றால்: அடிப்பக்கம் திறந்த பெரிய பெட்டி. ஒரு தம்ளரைக் கவிழ்த்துத் தண்ணீருக்குள் அமுக்கினால் உள்ளே காற்று நிற்கும் இல்லையா, அந்தக் காற்றுக்குள் ஆட்கள் வேலை செய்வார்கள். தண்ணீர் ஏறாமல் இருக்க மேலிருந்து காற்றை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். வேகமாக மேலே ஏறினால் மூட்டெல்லாம் முறுக்கும், உயிரே போகும். முத்துக் குளித்த கூட்டத்தில் பிறந்தவனுக்கு, மூச்சையும் ஆழத்தையும் வைத்துப் பிழைக்கிற அந்த வேலை கொஞ்சம் புரியும்.

அக்டோபர் 2

மூன்று நாளாக மழை. இன்று சாயங்காலம் கம்பா தீவுப் பக்கம் படியிறங்கி வளைவுக்கு அடியில் நின்றேன். மழை நின்று இரண்டு மணி நேரம் ஆகியும் வளைவின் அடிவயிற்றிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. மேலே விழுந்த மழை இப்போதுதான் கல்லுக்குள் பயணம் செய்து வந்து சேர்கிறது.

சொட்டுகிற இடத்தைச் சுற்றி வெள்ளையாகப் பூத்திருந்தது. விரலால் தொட்டால் மாவாக உதிர்ந்தது. கடற்கரை வீட்டில் வளர்ந்தவனுக்கு அது என்ன என்று சொல்ல வேண்டியதில்லை. உப்பு. எங்கள் வீட்டுப் பின்சுவரில் இடுப்பளவுக்கு இப்படித்தான் பூக்கும். அம்மா வருஷா வருஷம் சுரண்டிச் சுண்ணாம்பு அடிப்பாள், அடுத்த வருஷம் மறுபடி பூக்கும்.

இங்கே உப்பு கடலிலிருந்து வரவில்லை. பனிக்காலத்தில் வழுக்காமல் இருக்கத் தெருவில் போடுகிற உப்பு. கார் ஓடிய காலத்தில் பல பத்தாண்டு போட்டது உள்நிரப்பு வரை இறங்கியிருக்கிறது. ஈரத்தில் கரைந்து ஊரும், காயும்போது கல்லின் துளைக்குள் படிகமாகி விரியும். ஒவ்வொரு விரிவுக்கும் மணற்கல்லின் மேல்தோல் ஒரு இழை உரியும். வெள்ளம் ஒரே ராத்திரியில் செய்ததை உப்பு நூறு வருஷத்தில் செய்யும். ஆனால் உப்பு வேலை செய்வதை யாரும் கரையில் நின்று பார்ப்பதில்லை.

தண்ணீர் இறங்காமல் இருப்பதற்குத்தான் 2007 முதல் 2010 வரை மேல்தளத்தைத் திறந்து புதிய தடுப்பு போட்டார்கள். வேலை தேவைதான். ஆனால் கைப்பிடிச் சுவரில் பழைய கற்களை நிறைய எடுத்துவிட்டுப் புதுக்கல் வைத்ததைப் பாதுகாப்பு நிபுணர்கள் கடுமையாகக் கண்டித்தார்கள். நடந்து போகும்போது கையை வைத்துப் பார்த்தால் உங்களுக்கே தெரியும். பழைய கல் கறுத்து, விளிம்பு தேய்ந்து, உள்ளங்கைக்கு ஏற்ற மாதிரி குழிந்திருக்கும். பக்கத்தில் புதுக்கல் வெளிறி, இயந்திரம் வெட்டிய நேரான விளிம்போடு இருக்கும்.

விழுந்தால் கட்டத்தான் வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருக்கிற நான் இதை எப்படிக் குறை சொல்வது என்று இரண்டு நாள் யோசித்தேன். விழுந்துவிட்டதை மறுபடி கட்டுவது ஒன்று. இன்னும் நூறு வருஷம் இருக்கக்கூடிய கல்லைப் பெயர்த்து எடுப்பது வேறு. 1892இல் கட்டியவர்களுக்கு வேறு வழி இல்லை. இங்கே இருந்தது.

அக்டோபர் 9

பெயர் பற்றி. "சார்லஸ் பாலம்" என்பது 1870இல் வந்த பெயர். அதுவரை ஐந்நூறு வருஷம் "கல்பாலம்", இல்லையென்றால் "பிராக் பாலம்". ஒரே ஒரு பாலம் இருக்கிற ஊரில் பாலத்துக்குப் பெயர் எதற்கு?

சார்லஸ் 1378இல் இறந்தார். கட்டட வேலையைப் பார்த்த பீட்டர் பார்லர் 1399இல் இறந்தார். பாலம் முழுமையாக முடிந்தது 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். இருவருமே முடிந்த பாலத்தில் நடக்கவில்லை.

அக்டோபர் 18

நெப்போமுக் யோவான் என்ற பாதிரியாரின் சிலையைத் தொட்டால் மறுபடி பிராகுக்கு வருவோம் என்று எல்லாரும் தேய்த்துத் தேய்த்து, பீடத்து வெண்கலத் தகடு இரண்டு இடத்தில் தங்கம் போல மின்னுகிறது. 1683இல் வைத்தது. இன்று நிற்கிற சிலைகளில் முதலில் வந்ததும் இதுதான். மற்றவை பெரும்பாலும் அடுத்த முப்பது வருஷத்தில் வந்தவை. அதற்கு முன் முந்நூறு வருஷம் பாலம் ஏறக்குறைய வெறும் பாலமாகத்தான் இருந்தது. இன்று சிலை இல்லாமல் அதை யாராலும் கற்பனை செய்ய முடியவில்லை.

பாவசங்கீர்த்தனத்தில் அரசி அவரிடம் சொன்ன இரகசியத்தைச் சொல்ல மறுத்ததால் அரசன் அவரைப் பாலத்திலிருந்து ஆற்றில் தள்ளினான் என்று கதை. 1393இல் நான்காம் வென்சஸ்லாஸின் ஆட்கள் அவரை வதைத்து ஆற்றில் எறிந்தது உண்மை. காரணம் வேறு. மன்னருக்கும் பேராயருக்கும் நடந்த அதிகாரச் சண்டையில், மன்னரை மீறி ஒரு மடத் தலைவரை உறுதிசெய்தது இவர் கையால். அரசி கதை பின்னால் சேர்ந்தது.

முட்டை, 5:31, அரசி. இந்தப் பாலத்தில் கதை ஒட்டாத கல்லே இல்லை போலிருக்கிறது.

அக்டோபர் 19

பாலத்தோடு சம்பந்தமில்லாத கேள்வி, ஆனாலும் பதில் சொல்கிறேன். ஆமாம், கமில் சுவலபில் இந்த ஊர்க்காரர்தான். 1927இல் பிராகில் பிறந்து, இங்கேயே இருந்து தமிழ் படித்து, தமிழ் இலக்கியத்தை உலகத்துக்குச் சொன்னவர். 1968இல் சோவியத் படை நுழைந்த பிறகு நாட்டைவிட்டுப் போனார். பனிக்காலக் காலையில் இந்தப் பாலத்தைக் கடக்கும்போது, இதே கற்களின் மேல் ஒருவர் சங்கப் பாட்டை மனதில் உருட்டிக்கொண்டு நடந்திருப்பார் என்று நினைத்துக்கொள்வேன்.

நவம்பர் 11

இதற்கு முன்னால் அங்கே பாலம் இருந்ததா என்று கேட்டவருக்குத் தாமதமான பதில். இருந்தது. 12ஆம் நூற்றாண்டில் கட்டிய கல்பாலம், யூடித் என்ற அரசியின் பெயரில். 1342 பிப்ரவரியில் ஆற்றில் உறைந்திருந்த பனி உடைந்து, பாளம் பாளமாக வந்து மோதி அதைக் கொண்டுபோனது. பதினைந்து வருஷம் கழித்துப் புதிதாகக் கட்டியபோது அதைவிட உயரமாகக் கட்டினார்கள். பனிப்பாளம் அடியில் போக இடம் வேண்டும் என்று அடிபட்டுக் கற்றுக்கொண்டார்கள்.

அந்தப் பழைய பாலத்தின் ஒரு வளைவு இன்னும் இருக்கிறது. பழைய நகரக் கரையில் சிலுவை வீரர் மடத்துக் கட்டடத்துக்கு அடியில் ஒளிந்திருக்கிறது. சின்னப் படகில் போனால் அதற்குள் நுழையலாம். நேற்றுப் போனேன். படகோட்டி மோட்டாரை அணைத்தார். தலைக்கு மேல் கையெட்டும் உயரத்தில் கறுத்த கல். கொத்துளி பட்ட வரிகள்கூடத் தெரிந்தன. அதைத் தாண்டி வெளிச்சத்தில் புதுப் பாலம். புது என்றால் 1357.

டிசம்பர் 3

இன்று சவேரியார் திருநாள். ஊரில் காலைப் பூசை முடிந்து அப்பா வீட்டுக்கு வந்திருப்பார் என்று கணக்குப் பார்த்து, இங்கே விடிவதற்கு முன்பே பாலத்துக்குப் போனேன். பனி கொட்டியிருந்தது. என்னையும், கையில் காமிராக்காலோடு நடுங்கிக்கொண்டிருந்த ஒரு பெண்ணையும் தவிர ஆளே இல்லை.

வீடியோ போட்டுச் சிலையைக் காட்டினேன். சிலுவை பிடித்த கையில் பனி, தலையில் பனி. அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் ஒன்றும் பேசாமல் பார்த்தார். பக்கத்து வீட்டு அத்தையையும் கூப்பிட்டுக் காட்டினார்.

"இவரு பழசா, புதுசா?"

"புதுசுப்பா. பழையவரு உள்ள இருக்காரு, அன்னைக்குப் படம் அனுப்புனேன்ல."

"சரி. கீழ தாங்கிக்கிட்டு நிக்காங்களே, அவங்கள காட்டு. அவங்க மூஞ்சி ஒண்ணும் தெரியல."

கைப்பிடிச் சுவரோரம் குனிந்து, தோள்கொடுத்து நிற்கிறவர்களின் முகத்துக்குப் பக்கத்தில் போனைக் கொண்டுபோனேன். ஒருவருடைய கன்னத்தில் பனி ஒட்டியிருந்தது. கையுறையால் துடைத்துவிட்டுக் காட்டினேன்.

"இன்னொருத்தர் இருக்காரே, அந்தப் பக்கம்," என்றார் அப்பா. அந்தப் பக்கம் போனேன்.